வீட்டுக் கணிப்பொறியின் தொடக்கத் தாமதம்: காரணமும் பரிகாரமும்

வீட்டுக் கணிப்பொறியின் விசையை அழுத்திவிட்டு, அது வேலைக்கு ஆயத்தமாகும்வரை நான்கைந்து நிமிடம் காத்திருப்பது இன்று பல குடும்பங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. வாங்கிய புதிதில் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நின்ற அதே பொறிதான் சில ஆண்டுகளுக்குள் இந்நிலையை எய்துகிறது. பகலெல்லாம் கிராமங்களில் சுற்றித் திரும்பிய விரிவாக்க ஊழியர் இரவில் அன்றைய விவரங்களைப் பதிவு செய்ய உட்காரும்போதும், ஆசிரியர் மதிப்பெண் பட்டியலை முடிக்க முற்படும்போதும் இத்தாமதம் பெருந்தொல்லையாகிறது. ஒரு மாலையில் இருமுறை மின்வெட்டு நேரிடும் ஊர்களில், இரண்டு வெட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் நல்ல பகுதி பொறியை எழுப்புவதிலேயே கழிந்துவிடும்.

பெரும்பாலோர் இதற்குக் கையாளும் பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, பொறிக்கு வயதாகிவிட்டதென்று முடிவுகட்டிப் புதியதற்குப் பணம் தேடுவது. மற்றொன்று, பொறுமையிழந்து சுவரிலுள்ள மின்விசையையே அணைத்து மறுபடி போடுவது. முன்னது பெரும்பாலும் வீண்செலவு; பின்னது, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகளைச் சிதைத்து, அடுத்த தொடக்கத்தை இன்னும் நீளச்செய்வது. கணிப்பொறிக்கு உயிரினங்களைப்போல மூப்பு வருவதில்லை. விசிறியில் தூசி அடைத்து வெப்பம் மிகுந்தாலன்றி, அதன் மத்தியச் செயலகம் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு விநாடியில் செய்த கணக்கை இன்றும் அதே ஒரு விநாடியில் செய்து முடிக்கிறது. மாறியிருப்பது அதன்மேல் ஏற்றப்பட்டுள்ள சுமையே. அச்சுமை எந்த இடத்தில் எவ்வளவு காலத்தை விழுங்குகிறது என்பதை அளந்து அறிந்தபின் கைவைத்தால், பெரும்பாலான பொறிகளைச் சில மாலைப் பொழுதுகளில் சீர்ப்படுத்திவிடலாம்.

விசையைப் போட்டதும் நிகழ்வது

1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளுக்கெனத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வழங்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறி மூத்த ஆசிரியர் சிலருக்கு நினைவிருக்கும். விசையைப் போட்டவுடன் ஓர் ஒலி. திரையில் இரண்டொரு வரி எழுத்து. அவ்வளவே, பொறி ஆயத்தம். அதற்குப் பின்வந்த, பல்லாயிரம் மடங்கு வேகமுள்ள பொறி ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்று மாணவர் வினவினால் அது நியாயமான வினாவேயாகும்.

விடை இதுதான். பி.பி.சி. மைக்ரோவை இயக்கும் ஆணைத்தொகுப்பு, அதன் மொழிபெயர்ப்பானையும் சேர்த்து, 32 கிலோபைட் அளவே கொண்டது. அது மின்சாரம் இல்லாதபோதும் அழியாத நிலைநினைவகச் சில்லுகளில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே கொண்டுவர வேண்டியது ஏதுமில்லை. இன்றைய இயங்குதளமோ பல கிகாபைட் அளவுடையது. அது தட்டிலே கிடக்கிறது. செயலகம் வேலை செய்யும் இடமாகிய ராம் என்னும் தற்காலிக நினைவகம், மின்சாரம் நின்றவுடன் தன்னிடமுள்ள யாவற்றையும் மறந்துவிடும் இயல்பினது. ஆதலால் ஒவ்வொரு நாளும் தட்டிலிருந்து நினைவகத்துக்குப் புதிதாக எடுத்துவர வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் மாலைதோறும் எல்லாப் பதிவேடுகளையும் ஆவண அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காலைதோறும் அவற்றைத் திரும்ப மேசைக்கு எடுத்துவரும் எழுத்தரின் வேலையை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வேலை மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில், தாய்ப்பலகையிலுள்ள சிறு ஆணைத்தொகுப்பு விழித்து, நினைவகம், விசைப்பலகை, தட்டு முதலியன உள்ளனவா என்று சோதிக்கிறது. பழைய பொறிகளில் இது பயாஸ் எனவும், புதியவற்றில் யு.ஈ.எஃப்.ஐ. எனவும் வழங்கும். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தெரிவது இக்கட்டத்தில்தான். இரண்டாங்கட்டத்தில் இயங்குதளத்தின் கரு நினைவகத்துக்கு வருகிறது. அதைத் தொடர்ந்து திரை, ஒலி, வலைத்தொடர்பு ஆகியவற்றை இயக்கும் சிறு நிரல்களும், பின்னணிச் சேவைகளும் வருகின்றன. கடவுச்சொல் கேட்கும் திரையுடன் இக்கட்டம் ஏறத்தாழ முடிவுறுகிறது. மூன்றாங்கட்டம் கடவுச்சொல்லைக் கொடுத்தபின் தொடங்குவது. மேசைத்திரை கண்ணுக்குத் தெரிந்துவிடும்; ஆனால் எதை அழுத்தினாலும் பொறி பதிலளிப்பதில்லை. தட்டின் சிறுவிளக்கு இடைவிடாமல் எரிகிறது. தானே தொடங்குமாறு பதிவு செய்துகொண்ட நிரல்கள் யாவும் ஒரே சமயத்தில் தட்டை மொய்க்கும் நேரம் இதுவே. பலர் இதைத் தொடக்கத்தின் பகுதியாகக் கருதுவதே இல்லை. ஆயினும் வீட்டுக் கணிப்பொறிகளில் மிகுந்த காலம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

அளந்தறிதல்

அளவைக்கு வேண்டிய கருவி ஒரு நிறுத்துக் கடிகாரமே, கைப்பேசியிலுள்ளது போதும். குறிக்க வேண்டிய கணங்கள் மூன்று: சின்னம் மறையும் கணம், கடவுச்சொல் திரை தோன்றும் கணம், ஏதேனும் ஒரு நிரலை அழுத்தினால் அது உடனே திறக்கத் தொடங்கும் கணம். ஒருமுறை எடுத்த அளவு போதாது. மும்முறை எடுத்துச் சராசரி காண்க.

இங்கு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ‘ஷட் டவுன்’ என்னும் ஆணையைக் கொடுக்கும்போது பொறி முழுமையாக அணைவதில்லை. கருவின் அப்போதைய நிலை தட்டில் ஒரு கோப்பாக எழுதி வைக்கப்படுகிறது. மறுநாள் அக்கோப்பு அப்படியே மீட்கப்படுகிறது. இதற்கு விரைவுத் தொடக்கம் என்று பெயர். ‘ரீஸ்டார்ட்’ ஆணையைக் கொடுத்தால்தான் யாவும் தொடக்கத்திலிருந்து நடைபெறும். இரண்டையும் கலந்து அளந்தால் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருக்கும். ஆகவே எப்போதும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, திரை இருண்ட கணத்திலிருந்து எண்ணத் தொடங்குவது நலம். பொறியை நாள்தோறும் அணைப்பதாகவே எண்ணிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒருமுறையேனும் உண்மையில் அணைக்காதவர் பலர் என்பதையும் இதிலிருந்து அறியலாம். வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாலே தீரும் கோளாறுகள் சில உண்டு.

ஒரு பொறியில் முதற்கட்டம் 15 விநாடி, இரண்டாவது 50 விநாடி, மூன்றாவது 190 விநாடி என வந்ததாகக் கொள்க. இவ்வளவும் சேர்ந்து 255 விநாடி. இப்பொறியின் உரிமையாளர் பயாஸ் அமைப்புகளைத் திருத்த ஒரு மாலையைச் செலவிட்டு முதற்கட்டத்தைப் பாதியாக்கினாலும், அவர் பெறும் ஆதாயம் 7 அல்லது 8 விநாடியே. மூன்றாங்கட்டத்தில் பாதியைக் குறைத்தாலோ ஒன்றரை நிமிடம் மிச்சம். அளக்காமல் கைவைப்பவர்கள் சிறிய பகுதியோடு போராடிச் சலிப்பது இதனால்தான்.

விண்டோஸ் தானும் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் பதிவேட்டில், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற வரிசையில் சென்றால், 100 என்னும் எண்ணிட்ட பதிவில் தொடக்க நேரம் மில்லிவிநாடியில் குறிக்கப்பட்டிருக்கும். மேசைத்திரை தோன்றும்வரை ஆன காலமும், அதன்பின் பொறி அமைதியுறும்வரை ஆன காலமும் அதில் தனித்தனியே காணப்படும். தாமதம் விளைவித்தது ஒரு நிரலானால் 101, சாதன இயக்கியானால் 102, சேவையானால் 103 என்ற எண்களில் அதன் பெயரும் கிடைக்கும். லினக்ஸ் வகை இயங்குதளங்களைக் கையாள்வோருக்கு இவ்வேலை இன்னும் எளிது. சி-டாக் நிறுவனம் வெளியிட்டுவரும் பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதன் அண்மைப் பதிப்புகளிலும், அதுபோன்ற பிறவற்றிலும் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்ற ஆணை கட்டவாரியான காலத்தையும், அதனோடு ‘பிளேம்’ என்று சேர்த்தால் ஒவ்வொரு சேவையும் எடுத்துக்கொண்ட காலத்தையும் இறங்குவரிசையில் தந்துவிடும்.

சுழலும் தட்டின் கணக்கு

மூன்றாங்கட்டம் ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஹார்டு டிஸ்க் எனப்படும் சுழல் தட்டின் இயல்பைச் சிறிது விரிவாகக் காணல் வேண்டும். மடிக்கணிப்பொறிகளில் இத்தட்டு சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அஃதாவது விநாடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவிநாடி. வேண்டிய செய்தி எழுதப்பட்ட இடம் தலைப்பகுதியின் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்றுக் காலம், அதாவது ஐந்தரை மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர்த் தலைப்பகுதி உரிய வளையத்துக்கு நகர வேண்டும். இதற்குச் சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். இரண்டும் சேர்ந்து ஒருமுறை தேடுவதற்கு 15 மில்லிவிநாடி எனக் கொள்ளலாம்.

இது மிகக் குறைந்த காலமாகத் தோன்றலாம். ஆனால் தட்டில் சிதறிக்கிடக்கும் 10,000 சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதாயின், 10,000-ஐ 15 மில்லிவிநாடியால் பெருக்க 150 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம் ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் அதே தட்டு, அடுத்தடுத்து எழுதப்பட்ட செய்தியை விநாடிக்கு 100 மெகாபைட் அளவுக்கு வாசிக்க வல்லது. ஆகவே காலம் போவது வாசிப்பதில் அன்று, அலைவதில். பத்து நிரல்கள் ஒரே சமயத்தில் தத்தம் கோப்புகளைக் கேட்கும்போது, தலைப்பகுதி ஒருவர்க்கு ஒரு பக்கம், மற்றொருவர்க்கு ஒரு பக்கம் என்று அங்குமிங்கும் ஓடுகிறது. பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தால் ஆகும் காலத்தைவிட, ஒருங்கே வந்தால் ஆகும் காலம் மிகுதியாவதன் காரணம் இதுவே.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டுச் சேமிப்பகம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. நிமிடத்துக்கு 1,200 சுற்று. ஒருமுறை தேடச் சராசரி 600 மில்லிவிநாடி. அதனோடு இன்றைய ஒரு டெராபைட் தட்டை ஒப்பிட்டால், கொள்ளளவு சுமார் இரண்டு லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. தேடும் வேகமோ 40 மடங்குதான் கூடியிருக்கிறது. சுழலும் இரும்புக்கும் அசையும் கைக்கும் இயற்கை விதித்த எல்லை அது.

எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் சுழல்வதோ அசைவதோ ஏதுமில்லை. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளே அதற்கு அடிப்படை. ஒரு துண்டைத் தேட ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி போதும். மேற்கூறிய 10,000 துண்டுகளுக்கு 1 விநாடி. வகுப்பில் கரும்பலகையில் இவ்விரு பெருக்கல்களையும் அடுத்தடுத்து எழுதிக்காட்டினால், வேறு விளக்கம் தேவைப்படாது.

தானே தொடங்கும் நிரல்கள்

எனினும் செலவில்லாத பரிகாரத்தை முதலில் செய்து பார்ப்பதே முறை. விண்டோஸ் பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் பகுதியில், தானே தொடங்கும் நிரல்கள் யாவும் பட்டியலாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பாதிப்பு அதிகம், நடுத்தரம், குறைவு எனக் குறிக்கப்பட்டிருக்கும். இக்குறிப்பு மனம்போனபடி இடப்பட்டதன்று. தொடக்கத்தின்போது செயலகத்தின் காலத்தில் 1 விநாடிக்கு மேலோ, தட்டின் போக்குவரத்தில் 3 மெகாபைட்டுக்கு மேலோ எடுத்துக்கொண்ட நிரலே ‘அதிகம்’ என்று குறிக்கப்படுகிறது. பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்து ‘டிஸேபிள்’ என்று கொடுத்தால், அந்நிரல் அழிந்துவிடாது. தானே தொடங்குவது மட்டும் நிற்கும், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். தவறாக நிறுத்திவிட்டால் மறுபடி ‘எனேபிள்’ கொடுக்க வேண்டியதுதான். ஆகவே அஞ்சத் தேவையில்லை.

ஒரு சாதாரண வீட்டுப் பொறியில் இப்பட்டியலைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். எப்போதோ விற்றுவிட்ட அச்சுப்பொறியின் துணைநிரல், கைப்பேசியை இணைப்பதற்கென ஒருநாள் நிறுவியது, பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகளுக்காக நிறுவிய கூட்ட நிரல்கள் இரண்டு மூன்று, பிள்ளைகள் விளையாட்டுக்காக நிறுவியவை, ‘புதிய பதிப்பு வந்துள்ளதா’ என்று நாள்தோறும் விசாரிப்பதற்கென்றே இருக்கும் நிரல்கள் எனக் கூட்டம் கூடியிருக்கும். இவற்றை நிறுத்துவதால் குறைவேதும் நேராது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாமல், இரண்டு மூன்றாக நிறுத்தி ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொண்டால், உண்மையான குற்றவாளி எது என்பது தெளிவாகும்.

நிறுத்தலாகாதவையும் இப்பட்டியலில் உண்டு. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அவற்றுள் தலையாயது. மடிக்கணிப்பொறியின் தொடுபலகை, ஒலி ஆகியவற்றுக்குரிய துணைநிரல்களையும் விட்டுவைப்பது நலம். இந்திய மொழிகளில் தட்டச்சு செய்வதற்கான நிரலை நிறுத்திவிட்டு, மறுநாள் தமிழ் எழுத்தே வரவில்லையென்று விசைப்பலகையைக் குறைகூறுவோரும் உளர். வங்கி அல்லது அலுவலகப் பணிக்கான மின்கையொப்பச் சாதனத்தின் துணைநிரலும் இவ்வாறே காக்கத்தக்கது. பெயர் விளங்காத ஒன்றை, அது இன்னதென்று அறியும்வரை தொடாதிருப்பதே மேல்.

தடுப்பு மென்பொருளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூறவேண்டியிருக்கிறது. தொடக்கத்தின்போது ஒவ்வொரு கோப்பையும் அது சோதிப்பதால் சிறிது காலம் ஆகத்தான் செய்கிறது. ‘அதை எடுத்துவிட்டேன், பொறி பறக்கிறது’ என்று சொல்வோர் சொல்வது பொய்யன்று. ஆயினும் மாணவர் பெயர், பயனாளிகளின் நிலவிவரம், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை வைத்திருக்கும் பொறியைக் காவலின்றி விட்டுப் பெறும் 20 விநாடி ஆதாயமாகாது. ஒருமுறை எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டால், இழப்பு ஆண்டுக்கணக்கான உழைப்பு. இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒருங்கே வைத்திருப்பதுதான் திருத்தத்தக்க பிழை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ளமைந்த காவலே சாதாரண வீட்டுக்குப் போதுமானது. காலாவதியான சந்தாவுடன் கிடக்கும் மற்றொன்றை முறைப்படி நீக்கிவிடலாம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவதையும் இவ்வாறே வேகத்துக்காக நிறுத்தலாகாது.

முதற்கட்டம் நீண்டால்

டாஸ்க் மேனேஜரின் அதே பகுதியில், புதிய பொறிகளில், ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஓர் எண் மூலையில் காணப்படும். அது 10 விநாடிக்குள் இருந்தால் முதற்கட்டத்தில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. 30 விநாடிக்கு மேல் இருந்தால், பொறி தவறான வாயில்களைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொடக்க வரிசையில் யு.எஸ்.பி. சாதனமோ வலைத்தொடர்போ முதலிடத்தில் இருந்தால், அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருந்து, வாராமையால் பின்னரே உள்தட்டை நாடும். அவ்வரிசையில் உள்தட்டை முதலிடத்துக்குக் கொண்டுவருக. செருகியபடியே விட்ட பேனா நினைவகத்தையும் எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும்.

பழைய மேசைக் கணிப்பொறிகளில் மற்றொரு கோளாறு மிகச் சாதாரணம். நாள்தோறும் தேதி பின்னுக்குப் போயிருக்கும்; எஃப்1 விசையை அழுத்துமாறு திரை கேட்டுக்கொண்டு நிற்கும். தாய்ப்பலகையிலுள்ள, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டதே காரணம். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மாற்றிப் பின்னர்த் தேதியையும் தொடக்க வரிசையையும் சரிசெய்ய வேண்டும். ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பழுதுபார்ப்பவரிடம் செல்லுமுன் இதைச் சோதிப்பது நன்று.

பயனற்றவையும் தீங்கானவையும்

‘எம்.எஸ்.கான்ஃபிக்’ அமைப்பில் செயலகங்களின் எண்ணிக்கையை உயர்த்திக் குறித்தால் தொடக்கம் விரைவாகும் என்று ஒரு யோசனை நெடுநாளாக உலவிவருகிறது. அப்பெட்டியைத் தொடாதிருந்தாலே விண்டோஸ் எல்லாச் செயலகக் கூறுகளையும் பயன்படுத்துகிறது. சோதனைக்காகக் குறைப்பதற்கென்றே வைத்த பெட்டி அது. ‘ப்ரீஃபெட்ச்’ என்னும் அடைவைக் காலிசெய்யுமாறு கூறுவது மற்றொன்று. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு, எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் வேண்டப்படும் என்பதைக் குறித்து வைத்து முன்கூட்டியே எடுத்துவரும் ஏற்பாட்டின் குறிப்பேடு அது. அதை அழித்தால் அடுத்த தொடக்கம் மெதுவாகுமே தவிர விரைவாகாது. சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் பணி சுழல் தட்டுக்கு நன்மை தரும், எஸ்.எஸ்.டி.க்கு அவ்வாறன்று. தேடுதல் காலமே இல்லாத இடத்தில் ஒன்றுசேர்ப்பதால் தேய்மானம்தான் மிச்சம். அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது. ஒரே சொடுக்கில் பொறியைத் தூய்மை செய்வதாக விளம்பரம் செய்யும் நிரல்களைப் பற்றிக் கூறவேண்டுவது, அவையும் தானே தொடங்கும் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் என்பதுதான்.

தட்டை மாற்றுதல்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகுமாயின், சுழல் தட்டை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே நேரிய வழி. 2010-க்குப் பின் வந்த பெரும்பாலான பொறிகளில் இரண்டரை அங்குல சாட்டா வகை பொருந்தும். புதிய கணிப்பொறியின் விலையில் சிறு பங்கே ஆகும். பழைய தட்டின் நகலை அப்படியே புதியதில் எடுத்துவிடலாம். ஆயின் பழைய பொறிகளில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது, சேர்ந்துள்ள குப்பையையும் கழிக்கும்.

நகலெடுக்குமுன் தட்டின் உடல்நிலையைச் சோதிப்பது இன்றியமையாதது. படிப்படியாக வந்த தாமதம் சுமையால் வந்தது. ஒரு வாரத்தில் திடீரென வந்த தாமதமோ தட்டு பழுதுறுவதன் அறிகுறியாக இருக்கக்கூடும். டக்டக் என்ற ஓசை, சில கோப்புகள் மட்டும் திறக்கத் தயங்குதல், ஒவ்வொரு தொடக்கத்திலும் தட்டுச் சோதனை தானே நடைபெறுதல் ஆகியவற்றைக் கண்டால், வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்தி, அன்றைக்கே முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்தல் வேண்டும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவரும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு எல்லாத் தட்டுகளிலும் உண்டு. விண்டோஸில் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’, லினக்ஸில் ‘ஸ்மார்ட்கன்ட்ரோல்’ ஆகியவற்றால் அதை வாசிக்கலாம். மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் தட்டை நம்பலாகாது.

நினைவகம் 4 கிகாபைட் அல்லது அதற்குக் குறைவாயின், இடம் போதாமல் நினைவகத்தில் உள்ளவை தட்டுக்கும், தட்டில் உள்ளவை நினைவகத்துக்கும் மாறிமாறிச் செல்லும். அத்தகைய பொறிக்கு இன்னும் 4 கிகாபைட் சேர்ப்பது உதவும். இயங்குதளத்தையும் கருதவேண்டியுள்ளது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளிலும் முடிவுற்றன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. உறுப்புகள் நன்றாயிருக்க இதற்காகவே ஒதுக்கப்படும் பொறிகளில், எளிய மேசைத்திரை கொண்ட லினக்ஸ் ஒன்றை நிறுவினால், கடிதம், கணக்கேடு, இணையம் ஆகியவற்றுக்கு இன்னும் சில ஆண்டு உழைக்கும். ஒரே பொறியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்குமாயின், முற்கூறிய விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் விண்டோஸின் பகுதியில் லினக்ஸ் எழுத முடியாமற்போகும்.

நாளில் நான்கைந்து முறை பொறியை எழுப்ப வேண்டியவர்கள் ஒவ்வொரு முறையும் அணைக்கத் தேவையில்லை. உறக்கநிலையில் வைத்தால் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் செல்லும். சில விநாடிகளில் விழிக்கும். மடிக்கணிப்பொறிக்கு இது ஏற்றது. மின்கலமில்லாத மேசைக் கணிப்பொறியிலோ, மின்வெட்டு வந்தால் சேமிக்காத வேலை போய்விடும். அங்கு ‘ஹைபர்னேட்’ முறையைக் கையாளலாம். அது யாவற்றையும் தட்டில் எழுதிவிட்டு மின்சாரமே இன்றி இருக்கும்.

எஸ்.எஸ்.டி. பொருத்தியபின் மிஞ்சும் பழைய தட்டு நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, வாரந்தோறும் படியெடுத்து வைக்க உபயோகிக்கலாம். பழுதுபட்டதாயின், அதில் மாணவர், பயனாளிகள் ஆகியோரின் விவரங்கள் இன்னும் இருக்கின்றன என்பதை நினைவிற்கொண்டு, உள்ளேயுள்ள தட்டுகளை வாசிக்க இயலாதவாறு துளையிட்ட பின்னரே, மின்கழிவு சேகரிக்கும் அங்கீகாரம் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் போடலாகாது.